ஊருக்குப் போகும் வழியில் ஈரோடு

ஈரோட்டில் ஆகஸ்ட் மாதம் புத்தகத் திருவிழாவை ஒட்டி நடக்கும் லயன்–முத்து காமிக்ஸ் வாசகர் சந்திப்பைச் சென்னைக்கு மாற்றிவிடலாமே என்று என்னிடம் முதலில் சொன்னவர் ஒரு சென்னை நண்பர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பழைய முத்து காமிக்ஸ் இதழ்களைத் தனித்தனி உறையில் போட்டு, பூச்சி அரிக்காமல் பீரோவில் அடுக்கி வைத்திருப்பவர். "உங்களுக்கும் அதுதானே தம்பி வசதி? ஒரகடத்துல பஸ் ஏறினா ரெண்டு மணி நேரத்துல மெட்ராஸ். ஈரோட்டுக்கு ராத்திரி பூரா உட்கார்ந்து போகணுமே" என்றார். என் உடம்பு அலுப்பை நினைத்துத்தான் சொன்னார். அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் நேரங்களில் அதைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு 2009-இல் ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். ரெனோ–நிஸான் ஆலைக்கு அப்போதுதான் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. பாரத்பென்ஸ் லாரியும் ராயல் என்ஃபீல்டு புல்லட்டும் இந்தச் சாலைக்கு வர இன்னும் சில வருடம் இருந்தது. ஒரே அறையில் ஆறு பேர் தங்கினோம். ஏ ஷிப்டு ஆள் எழுந்த பாயில் சி ஷிப்டு ஆள் வந்து படுப்பான். அந்த அறையில் எனக்கென்று இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதில் பாதி காமிக்ஸ்.

சின்ன வயதில் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் ராணி காமிக்ஸ் தொங்கும். 1984-இல் ஜேம்ஸ் பாண்டோடு தொடங்கிய அந்த இதழ் 2005-இல் நின்றுபோனது. அதே 1984-இல் சிவகாசியில் தொடங்கிய லயன் காமிக்ஸும், 1972-இல் இரும்புக்கை மாயாவியோடு வந்த அதன் மூத்த சகோதரன் முத்து காமிக்ஸும் அந்த வருடங்களில் எப்போது வரும், எப்போது வராது என்று தெரியாத நிலையில் இருந்தன. 2012 ஜனவரியில் 'கம்பேக் ஸ்பெஷல்' என்ற இதழோடு லயன் திரும்பி வந்தது. நல்ல தாள், வண்ணம், கூடுதல் விலை. சந்தா கட்டினேன். கம்பெனி கேட்டில் தனியார் பார்சலை வாங்க மாட்டார்கள், அறையில் பகலில் எல்லோரும் தூங்குவார்கள். ஆகவே மெஸ் முகவரியைக் கொடுத்திருந்தேன். கூரியரில் வரும் பெட்டியை மெஸ் அக்கா கல்லாவுக்குக் கீழே வைத்திருப்பார். "உன் பொம்மைப் புக்கு வந்திருக்குடா" என்று எடுத்துக் கொடுப்பார். அட்டையைக் கிழித்ததும் அச்சு மை வாசனைக்கு முன்னால் சாம்பார் வாசனை வரும்.

சென்னையில் காமிக்ஸ் ஆட்கள் கூடும் இடம் ஏற்கெனவே உண்டு, ஜனவரிப் புத்தகக் காட்சி. 1977-இல் அண்ணா சாலை மதரஸா பள்ளியில் தொடங்கி, காயிதே மில்லத் கல்லூரி, பச்சையப்பன் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜார்ஜ் பள்ளி, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்று இடம் மாறிக்கொண்டே வந்த விழா அது. நந்தனம் எனக்கு நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். ஆனாலும் என்னால் பெரும்பாலும் போக முடிந்ததில்லை. எங்கள் பக்கம் பொங்கலுக்குத் தொடர்ந்து நான்கு நாள் லைனை நிறுத்துவார்கள். அதற்கு ஈடாக முன்னாலும் பின்னாலும் வரும் ஞாயிற்றுக்கிழமைகளை வேலை நாளாக்கிவிடுவார்கள். அந்த நான்கு நாளில் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் மூன்றும் காலியாகும். டோல்கேட் பக்கம் பையும் கையுமாக ஆயிரக்கணக்கில் நிற்போம். தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று எந்த போர்டு மாட்டிய பஸ்ஸானாலும் ஏறி நின்றுகொண்டே போவோம். சென்னைப் புத்தகக் காட்சியில் கூட்டம் அலைமோதுவதும் அதே நான்கு நாள்தான். சென்னைக்காரர்களுக்கு விடுமுறை என்றால் எங்களுக்கு ஊர்.

ஒரு முறை இது தலைகீழாக நடந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பதிப்பாளர்கள் பலருடைய கிடங்குகளில் புத்தகங்கள் ஊறிப்போயின. அந்த ஜனவரியில் காட்சி நடக்கவில்லை. 2016 ஜூன் மாதம் தீவுத்திடலில் வைத்தார்கள். ஜூன் மாதத்தில் எங்களுக்கு ஊரும் கிடையாது, ஈடு ஞாயிறும் கிடையாது. நானும் அறை நண்பர்கள் இரண்டு பேரும் போனோம். இடம் மாறினால் எல்லாம் கெட்டுப்போகும் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். அந்தப் பேரிழப்பில் பதிப்பாளர்கள் பட்டபாடு வேறு. எனக்கு மட்டும் அந்த வருடம் சென்னை பக்கத்தில் வந்தது.

இப்போது ஈரோட்டுக் கணக்கைச் சொல்கிறேன்.

சந்திப்பு சனிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமை ஏ ஷிப்டு வாங்கிக்கொள்வேன். மதியம் வேலை முடிந்து, குளித்து, தாம்பரத்திலிருந்து வரும் காஞ்சிபுரம் பஸ்ஸில் வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம். அங்கிருந்து அரக்கோணம். அரக்கோணத்தில் இரவு ரயிலைப் பிடித்தால் விடியும்போது ஈரோடு. சனிக்கிழமை முழுக்க அங்கே. மாலையில் பவானி, மேட்டூர் வழியாகப் பஸ் மாறி மாறி இரவு வீட்டுக்குப் போய்விடுவேன். ஞாயிறு மதியம் அம்மா கையால் சோறு. சாயங்காலம் தர்மபுரியில் பஸ் ஏறினால் கிருஷ்ணகிரி, வேலூர் தாண்டித் திங்கள் அதிகாலைக்கு முன்பே ஸ்ரீபெரும்புதூரில் இறக்கிவிடுவான். ஒரு நாள் லீவில் காமிக்ஸும் ஆனது, வீடும் ஆனது. எப்படியும் மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறவன் நான். ஆகஸ்டில் அந்தப் பயணம் ஈரோடு வழியாகச் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான்.

என்னைப் போலத்தான் மற்றவர்களும். எங்கள் லைனில் நாமக்கல் ஆள் இருக்கிறார், கரூர், திண்டுக்கல், சங்ககிரி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் காமிக்ஸ் படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேருக்கும் ஈரோடு ஊருக்குப் போகும் வழியில் இருக்கிறது. சென்னை யாருடைய ஊருக்கும் வழியில் இல்லை. சென்னையில் வைத்தால் லீவு போட்டுச் சென்னைக்குப் போய், அதே ராத்திரி திரும்பி இதே அறைக்கு வர வேண்டும். அந்த மாதம் அம்மாவைப் பார்க்க இன்னொரு லீவு போட வேண்டும். கான்ட்ராக்டில் இருக்கிறவர்களுக்கு லீவு போட்டால் அன்றைய சம்பளத்தோடு மாதாந்திர அட்டெண்டன்ஸ் போனஸும் சேர்ந்து போகும். இரண்டு நாளை யார் விடுவார்கள்? சென்னை நண்பர் நேரத்தைக் கணக்குப் போட்டார். நாங்கள் லீவைக் கணக்குப் போடுகிறோம்.

2014 ஆகஸ்டில் லயனின் 30-ஆம் ஆண்டு மலர், 'லயன் மேக்னம் ஸ்பெஷல்', ஈரோட்டில் வெளிவந்தபோதுதான் நான் அங்கே முதலில் போனது. மக்கள் சிந்தனைப் பேரவை 2005 முதல் நடத்திவரும் புத்தகத் திருவிழா அப்போது வ.உ.சி. பூங்கா மைதானத்தில் நடந்துகொண்டிருந்தது. காலையில் ஒரு ஓட்டல் மண்டபத்தில் வாசகர் சந்திப்பு. வாசலில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் என் பையைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, ராத்திரி வண்டியிலீங்களா வந்தீங்க? மொதல்ல சாப்புடுங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். பிறகுதான் தெரிந்தது, அவருக்குத் தறி இருக்கிறது, காமிக்ஸ் நாயகன் டெக்ஸ் வில்லர் கதை எல்லாவற்றையும் வரிசை எண்ணோடு சொல்வார்.

உள்ளே ஒரு பள்ளி ஆசிரியர், லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருப்பவர், வங்கி அதிகாரி, மெடிக்கல் ரெப், மகளைக் கூட்டி வந்த போலீஸ்காரர். லயன்–முத்து இதழ்களின் ஆசிரியர் விஜயன் சிவகாசியிலிருந்து வந்திருந்தார். நாங்கள் அவரை எடிட்டர் என்றுதான் சொல்வோம். ஒரு பத்திரிகை ஆசிரியரை நிற்க வைத்து, போன மாதம் மொழிபெயர்ப்பு இந்தப் பக்கத்தில் சறுக்கிவிட்டது, டெக்ஸ் அதிகமாகிவிட்டார், டெக்ஸ் போதவில்லை, கறுப்பு வெள்ளைக் கதையை ஏன் குறைத்தீர்கள், சந்தாவை ஏன் ஏற்றினீர்கள் என்று வாசகர்கள் அவர் முகத்துக்கு நேரே கேட்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார், சிலவற்றுக்கு மறுத்தார், சிலவற்றை எழுதிக்கொண்டார். கேப்டன் டைகருக்கும் டெக்ஸுக்கும் ஆள் சேர்ந்து மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. நானும் எழுந்து இன்னொரு நாயகனான தோர்கலுக்காகப் பேசினேன். எங்கள் கம்பெனியில் குறை கேட்புக் கூட்டத்தில்கூட நான் எழுந்து பேசியதில்லை.

மதியம் எல்லோரும் சேர்ந்து திருவிழா ஸ்டாலுக்கு நடந்தோம். அந்த நடையைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். ஓட்டலுக்கும் மைதானத்துக்கும் நடந்துவிடலாம், டீக்கடையில் நிற்கலாம், ஜவுளிக் கடை நிழலில் ஒதுங்கலாம். கூட்டம் முடிந்த பிறகும் ஆட்கள் கலையாமல் ஊருக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பார்கள். சாப்பிடும் இடத்தில் காலையில் எதிர்த்துப் பேசியவர் பக்கத்து இலையில் இருப்பார். சென்னையில் கூட்டம் முடிந்தால் ஒருவர் கிண்டி, ஒருவர் பெரம்பூர், ஒருவர் செங்கல்பட்டு வண்டி என்று அரை மணி நேரத்தில் ஆள் ஆளுக்குப் போய்விடுவார்கள். அது யாருடைய குற்றமும் இல்லை, அந்த ஊரின் அளவு அப்படி.

ஈரோடு ஜங்ஷன் வேறு. ஜோலார்பேட்டை, சேலம் பக்கமிருந்து வரும் வடக்கு ஆட்கள், கோயம்புத்தூர், திருப்பூரிலிருந்து வரும் மேற்கு ஆட்கள், திருச்சியிலிருந்து கரூர் வழியாக வருகிறவர்கள், மதுரை, விருதுநகர், நாகர்கோவிலிலிருந்து ஏறுகிறவர்கள் எல்லோரும் ஒரு ராத்திரியில் வந்து இறங்கலாம். யாருக்கும் ரொம்பப் பக்கம் இல்லை, யாருக்கும் ரொம்பத் தூரமும் இல்லை. நாகர்கோவில் ஆளைச் சென்னைக்கு இழுப்பதற்கும் ஈரோட்டுக்கு வரச் சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சென்னை வேண்டும் என்கிறவர்கள் சொல்லும் காரணங்களையும் நான் தள்ளிவிடவில்லை. விமானம் இறங்கும் ஊர் என்பதால் வெளிநாட்டு ஓவியர்களை அழைப்பது சுலபம். கல்லூரிப் பிள்ளைகள் அதிகம். புது வாசகர்கள் வராமல் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களே கூடிக்கொண்டிருந்தால் இந்த வாசிப்பு எத்தனை வருடம் நிற்கும் என்று அவர்கள் கேட்பது நியாயமான கவலை. எனக்கும் அந்தக் கவலை உண்டு.

அதற்கு ஒரு பதிலை 2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கத்தில் பார்த்தேன். டெல்லியில் 2011-இல் ஆரம்பித்த காமிக் கான் சென்னைக்கு முதன்முறையாக வர்த்தக மையத்தில் வந்தது. எங்கள் லைனில் புதிதாகச் சேர்ந்த விழுப்புரத்துத் தம்பி ஒருவன் என்னைக் கூட்டிப்போனான். அவனுக்கு டெக்ஸும் தெரியாது, மாயாவியும் தெரியாது. ஜப்பானிய அனிமேதான் உயிர். 'ஒன் பீஸ்' தொடரில் வரும் ஸோரோவாக வேஷம் கட்டினான். ஸோரோவுக்கு மூன்று வாள். காயலான் கடையில் எடை போட்டு வாங்கி வந்த பேக்கிங் ஃபோமைப் பட்டை பட்டையாக அறுத்து, பி.வி.சி. பைப்பின் மேல் ஒட்டி, ஹீட் கன்னால் வளைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தேன். லைனில் பிசிறு எடுக்கும்போது எப்படித் தேய்ப்பானோ அப்படியே, ஒரு இடத்தில்கூட நெருடவில்லை. கைப்பிடிக்கு ஒன்றுக்கு வெள்ளை நூல், மற்ற இரண்டுக்கும் வேறு வேறு நிறம். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து தூங்காமல் செய்தது.

உள்ளே பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். திரும்பும்போது, "அண்ணா, இன்னிக்குப் பூரா ஒருத்தரும் என்னை எந்த கம்பெனி, பெர்மனென்ட்டா கான்ட்ராக்டான்னு கேக்கலண்ணா" என்றான். அந்த விழா சென்னையில் இருப்பது சரி. அந்தக் கூடத்தின் வெளிச்சமும் சத்தமும் அந்த வயதுக்கு வேண்டும். டிக்கெட் வாங்கி ஒரு பகல் முழுக்கச் சுற்றிவிட்டு வரலாம், யாரோடும் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. ஈரோடு பேசுவதற்கான இடம். ஜனவரிக்கு நந்தனம், பிப்ரவரிக்கு நந்தம்பாக்கம் என்று சென்னைக்கு இரண்டு இருக்கும்போது மூன்றாவதையும் கொண்டுபோய் அங்கே சேர்த்தால், புது வாசகன் கூடுவான் என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பழைய வாசகர் சிலர் கழன்றுகொள்வார்கள் என்பது உறுதி.

நாங்கள் உயிராக நினைக்கும் டெக்ஸ் வில்லர் 1948-இல் இத்தாலியில் பிறந்தவர். அந்த நாட்டில் இதே வழக்கு நடந்திருக்கிறது. அங்கே முதல் காமிக்ஸ் மாநாடு 1965-இல் போர்திகேரா என்ற கடற்கரை ஊரில் நடந்தது. மறுவருடமே லூக்கா என்ற மதில் சூழ்ந்த பழைய ஊருக்குக் கொண்டுபோனார்கள். அந்த மாற்றம் வேர் பிடித்தது. 1990-களில் அமைப்பாளர்கள் அதைத் தலைநகர் ரோமுக்கு எடுத்துப்போனார்கள். லூக்கா விட்டுக்கொடுக்காமல் தானே ஒரு விழாவை நடத்தியது. 2006-இல் அதை மறுபடி மதிலுக்குள், தெருக்களுக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய காமிக்ஸ் விழாக்களில் ஒன்று அந்தச் சின்ன ஊரில் நடக்கிறது. லட்சக்கணக்கில் ஆட்கள் வந்து அந்தக் கல் தெருக்களில் நடக்கிறார்கள்.

அமெரிக்காவின் சான் டியேகோவிலும் 2010-இல் இதே பேச்சு எழுந்தது. 1970 முதல் அங்கே நடக்கும் மாநாட்டுக்கு அரங்கு போதவில்லை, அறை வாடகை ஏறிவிட்டது, லாஸ் ஏஞ்சல்ஸும் அனாஹைமும் போட்டி போட்டு அழைத்தன. கடைசியில் மாநாடு இடம் பெயரவில்லை. ஓட்டல்கள் வாடகையைக் கட்டுக்குள் வைக்க ஒத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். இடத்தை மாற்றாமலே குறையைச் சரிசெய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஈரோட்டிலும் குறை இருக்கிறது. மண்டபம் சில வருடம் நெருக்கும், பெண்கள் வருவது மிகக் குறைவு. புத்தகத் திருவிழாவே பிற்பாடு சிக்கய்ய நாயக்கர் கல்லூரி மைதானத்துக்கு மாறியது. ஊர் மாறவில்லை, எங்கள் வழியும் மாறவில்லை.

இந்தச் சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இடம் மாறுவது என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை மூடியது. உற்பத்தி உலகத்தில் வேறொரு இடத்தில் தொடரலாம். ஆலையை நம்பி இருந்த மெஸ், வேன், வாடகை அறை, சாயங்கால வடைக்கடை எதுவும் கூடப் போக முடியாது. கூடிப் பேசும் விழாவும் அப்படித்தான். வாசலில் கையைப் பிடித்துச் சாப்பிடக் கூட்டிப்போன அந்தத் தறிக்காரரைச் சென்னைக்குப் பார்சல் கட்ட முடியாது.

மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை என்றைக்காவது வந்தால் சிவகாசிக்கு மாற்றுங்கள் என்பேன். எங்கள் புத்தகம் அச்சாகும் ஊர். பிரான்சின் அங்குலேம் காகித ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அங்கே 1974-இல் தொடங்கிய காமிக்ஸ் விழா அந்தச் சிறிய நகரத்தை உலகத்துக்கே தெரிய வைத்தது. சிவகாசியில் கூடினால் ஆஃப்செட் மிஷினில் தாள் ஏறுவதையும், நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருவதையும், பைண்டிங் பெண்கள் பாரம் மடிப்பதையும் வாசகன் நேரில் பார்ப்பான். மிஷின் ஓட்டுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த ஆசை நிறையவே உண்டு. ஆனால் சிவகாசி எனக்கு ஊருக்குப் போகும் வழியில் இல்லை. அந்த வருடம் இரண்டு லீவு போட்டுத்தான் போக வேண்டியிருக்கும். போவேன்.

சென்னை நண்பரிடம் இதையெல்லாம் பிறகொரு நாள் ஈரோட்டிலேயே வைத்துச் சொன்னேன். அவர் முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "உங்க பக்கம் நியாயம் இருக்கு தம்பி, ஆனா பசங்க வரணுமே" என்றார். பசங்களை நாங்கள் கூட்டி வருகிறோம் என்றேன். ஸோரோ தம்பி இந்த முறை வருகிறான். அவனுக்குத் தோர்கல் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். விழுப்புரம் அவனுக்கு எதிர்த்திசை என்றாலும் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து ஒகேனக்கல் பார்க்க வேண்டுமாம்.

நடத்துகிறவர்களிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான். எங்கள் சூப்பர்வைசர் ஆகஸ்டு லீவு சார்ட்டை ஜூன் கடைசி வாரத்தில் எழுதி போர்டில் ஒட்டிவிடுவார். அதற்குப் பிறகு யாராவது விட்டுக்கொடுத்தால்தான் உண்டு. தேதியை ஜூன் 15-க்குள் சொல்லிவிடுங்கள்.